குல்பாரா வெளியே சாப்பிடப் போனாள்

மார்ச் எட்டாம் தேதி எங்கள் ஊர் காரகோலில் எந்த ஓட்டலிலும் உட்கார இடம் கிடைக்காது. பெண்கள் தினம். வீட்டுப் பெண்கள் அன்று ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்ற ஞானம் எங்கள் ஊர் ஆண்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிறக்கும். காலையில் பனியிலும் சேற்றிலும் வரிசையில் நின்று டூலிப் பூ வாங்குவார்கள். சாயங்காலம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடக் கிளம்புவார்கள். நான் அல்மாலூ ஓட்டலில் இடம் பதிவு செய்கிற வேலையில் இருக்கிறேன். பெயர் கென்ஜெகான். புருஷனை விரட்டிவிட்டுத் தனியாக இருக்கிறவள் என்பதால் என்னை யாரும் எங்கேயும் கூட்டிப்போவதில்லை. வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பண்டிகை.

குடும்பங்கள் ஓட்டல் பார்க்கிற லட்சணம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. சாப்பாடு எப்படி என்று போனில் யாரும் கேட்கமாட்டார்கள். "உயர்ந்த இடம் எந்தப் பக்கம் வருது?" என்பார்கள். கதவுக்கு நேர் எதிரே, கதவிலிருந்து ரொம்ப தள்ளி இருக்கிற இடம்தான் வயதில் மூத்தவருக்கு. அதன் பின்னால் கக்கூஸ் இருந்தால் அந்த ஓட்டல் போச்சு. அடுத்து, "எங்க ஆட்டை நாங்களே கொண்டு வரலாமா?" என்பார்கள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு வேற யாரெல்லாம் வர்றாங்க?" என்பார்கள். சின்ன ஊர். கல்யாணம் முறிந்த சம்பந்திகள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் சோறு இறங்காது.

இந்தப் பொல்லாத வித்தையில் கரை கண்டது என் எதிர்வீட்டுக் குடும்பம். குல்பாராவின் குடும்பம்.

குல்பாராவுக்கும் எனக்கும் ஒரே வயது. ஐம்பதைத் தாண்டிவிட்டோம். துப் என்ற ஊருக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து இருபது வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். பாலர் பள்ளியில் சமையல்காரி. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி, மத்தியானம் சூப், சாயங்காலம் ரொட்டியும் தேநீரும். அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பு. அவள் உட்கார்ந்து நான் பார்த்தது பஸ்ஸில்தான். எங்கள் பக்கத்தில் மருமகள் என்பது ஒரு உத்தியோகம், அதற்கு ஓய்வு வயது கிடையாது. பெரியவர்கள் இருக்கும்வரை மருமகள் கதவோரத்தில், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். கிண்ணம் காலியானவுடன் ஊற்ற வேண்டும். அதுவும் அரைக் கிண்ணம்தான். புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. மூத்த நாத்தனார் அசில்கானை அவள் 'டீச்சரக்கா' என்பாள். புருஷனின் அண்ணன் ஜூமார்ட்டை 'பெரியவர்' என்பாள்.

டீச்சரக்கா பள்ளிக்கூடத்தில் வடிவக்கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் கோணல் கண்ணில் பட்டுவிடும். பெரியவர் கால்நடை மருத்துவர். மனிதர்களைக்கூட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். குல்பாராவின் புருஷன் தொலொகோன் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் பயமில்லாமல் நிற்பான். அக்கா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நல்ல மனிதர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குல்பாராவை ஒரு நாளும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பெண்கள் தினத்துக்கு அவளை ஓட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்கள். ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். பிப்ரவரி பிறந்தால் எந்த ஓட்டல் என்று பேசி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் குல்பாரா வீட்டில் கூடுவார்கள். கூடினால் சாப்பிட வேண்டாமா? குல்பாரா சமைப்பாள். ஒரு நாள் அவள் சமைக்காமல் இருப்பதற்காக ஒரு மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்து சமைத்தாள் அந்த மகராசி.

எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கும் அழைப்பு உண்டு. ஓட்டல் விஷயம் தெரிந்தவள் என்ற மரியாதை வேறு. ஒரு கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

"ஆத்தங்கரை ஓட்டல் எப்படி?" என்று தொலொகோன் மெதுவாக ஆரம்பிப்பான்.

"அங்க மேஜை வட்டம்" என்பார் டீச்சரக்கா. "வட்டத்துல மூத்தவங்க எங்க உக்காருவாங்க, இளையவங்க எங்க உக்காருவாங்க? வட்டத்துக்கு ஏதுடா தலைப்பக்கம்?"

"அப்போ பஜார் பக்கத்துல புதுசா ஒண்ணு..."

"அந்தப் பேச்சையே எடுக்காதே" என்று பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைப்பார். "போன தடவை அந்தப் பையன் எனக்குத் தேநீரை விளிம்பு வரைக்கும் ஊத்தினான். குடிச்சிட்டுக் கிளம்புங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. நான் என்ன அவன் வீட்டுக் கடன்காரனா? அப்பவே எழுந்து வந்துட்டேன்."

"ஸ்டேஷன் ரோட்டுல இருக்கே, அது சுத்தமா இருக்கும்" என்று நான் வாயை விட்டேன்.

டீச்சரக்கா என்னை வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போயிருக்கேன். எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு குறைகூட இல்ல. ஒரு குறையும் இல்லாத இடத்தை எப்படி நம்புறது?"

இப்படியே ஊரில் இருக்கிற அத்தனை ஓட்டலும் கழிந்துவிடும். கழிந்ததும் பெரியவர் தட்டில் மிச்சமிருக்கிற மாமிசத்தை விரலால் வழித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்வார். வருஷா வருஷம் அதே வாக்கியம்.

"எங்க போனாலும் நம்ம குல்பாரா கை வராது."

எல்லோரும் தலையாட்டுவார்கள். தொலொகோனுக்குப் பெருமையில் காது சிவக்கும். டீச்சரக்கா எழுந்து வந்து குல்பாராவின் நெற்றியில் முத்தம் கொடுப்பார். "வீட்லயே சாப்பிட்டுடலாம்மா. உன்னைவிட்டா யாரு?" மார்ச் எட்டாம் தேதி அவர்கள் டூலிப் பூக்களோடு வந்து இறங்குவார்கள். குல்பாரா பூவை ஜாடியில் செருகிவிட்டு மாவு பிசையப் போவாள்.

அந்தப் பாராட்டுதான் அவளுக்குக் கால்விலங்கு. கொஞ்சம் மோசமாகச் சமைத்துத் தொலையேன் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "மாவைப் பார்த்தா கை தானா போகுது கென்ஜெ" என்பாள்.

இந்த வருஷம் பிப்ரவரிக் கடைசியில், கூட்டம் முடிந்து அவர்கள் போனபிறகு, குல்பாரா என் வீட்டுக்கு வந்தாள். ஏப்ரன்கூட கழற்றவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"கென்ஜெ, நான் ஒண்ணு கேட்பேன், சிரிக்கக்கூடாது."

"கேளு."

"ஒரு மேஜையில நான் உக்காரணும். யாராவது வந்து என் முன்னாடி ஒரு தட்டு வைக்கணும். சூடா. அதை ஆறுறதுக்குள்ள நான் சாப்பிடணும். ஒரு தடவை. அப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல."

"அடிப்பாவி, இதுக்கா சாகணும்?"

"சிரிக்கக்கூடாதுன்னேனே."

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "எங்க ஓட்டலுக்கு வரச்சொல்லு" என்றேன். "மேஜை நீளம். உயர்ந்த இடத்துக்குப் பின்னாடி சுவர்தான். நானே நின்னு அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா ஊத்துறேன்."

"வருவாங்க. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, குல்பாரா கை மாதிரி இல்லைன்னு சொல்லி எழுந்திருச்சிடுவாங்க."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை. இரண்டு பேரும் மற்றவள்தான் என்கிறோம்.

அடுத்த வாரம் டீச்சரக்காவையும் பெரியவரையும் எங்கள் ஓட்டலுக்கு ருசி பார்க்க அழைத்தேன். பண்டிகைக்கு முன் வீட்டுப் பெரியவர்கள் வந்து ருசி பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கம்தான். குல்பாரா உடம்பு சரியில்லை என்று பாலர் பள்ளியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக எங்கள் சமையலறைக்கு வந்தாள். எங்கள் சமையல்காரி லூபாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அடுப்பை விட்டுக்கொடுத்தாள்.

பெஷ்பர்மாக்தான் பரீட்சை. ஆட்டிறைச்சியை வேகவைத்து, மாவைக் காகிதம்போலத் தேய்த்துப் பட்டை பட்டையாக நறுக்கி அதே சாற்றில் போட்டு, மேலே பொடிப்பொடியாகக் கீறிய மாமிசம், வெங்காயச் சாறு. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒருத்தி செய்கிற மாதிரி இன்னொருத்திக்கு வராது. டீச்சரக்கா ஒரு பட்டையைக் கரண்டியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அகலத்தை விரலால் அளந்தார். வாயில் போட்டார். பெரியவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் குல்பாராவின் ஒரு கண் தெரிந்தது.

"ஜூமார்ட்" என்றார் டீச்சரக்கா கடைசியில். "நம்ம குல்பாரா கை அப்படியே இருக்குடா."

"அப்படியேதான் இருக்கு" என்றார் பெரியவர்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், வீட்ல போய்ச் சொல்லிடாதே. இவ இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணியிருக்கா."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் உள்ளே ஓடினேன். குல்பாரா கரண்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இன்னும் நல்லாவா? இன்னும் நல்லாவா? அதே மாவு, அதே உப்பு, அதே கை! முப்பது வருஷமா என்ன குறைஞ்சுது எங்கிட்ட?" வெளியே போய்க் கேட்டுவிடுவேன் என்றாள். லூபா அவளைப் பிடித்து உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்காரவைத்தாள்.

எப்படியோ, இடம் பதிவாகிவிட்டது. மார்ச் எட்டு, சாயங்காலம், சுவரோர நீள மேஜை. சரித்திரத்தில் முதல்முறையாக அந்தக் குடும்பம் ஒரு ஓட்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மாஸ்கோவிலிருக்கிற மகளிடம் குல்பாரா போனில் சொன்னபோது அந்தப் பெண் நம்பவில்லை. "அம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாளாம்.

அன்று காலையில் பெரியவர் தன் ஆட்டைத் தானே அறுத்துக் கொண்டுவந்து இறக்கினார். ஓட்டல்காரன் வாங்குகிற ஆட்டின் நாக்கை அவர் பார்த்ததில்லையே, எப்படி நம்புவார்? அவர் முன்வாசலில் கிளம்ப, குல்பாரா பின்வாசலில் நுழைந்தாள். மத்தியானம் வரை மாமிசம் வேகவைத்தாள், மாவு பிசைந்து தேய்த்து நறுக்கிக் காயவைத்தாள், வெங்காயம் அரிந்தாள். மிச்ச வேலை லூபாவுடையது. சாறு கொதிக்கும்போது பட்டைகளைப் போட்டு எடுக்க வேண்டும், வெங்காயச் சாறு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். குல்பாரா வீட்டுக்கு ஓடி, குளித்து, நீலப் பட்டுச் சட்டையும் காதில் வெள்ளித் தோடும் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல முன்வாசல் வழியாகப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பெண் இவ்வளவு அழகா என்று எனக்கே தோன்றியது.

அவர்கள் வந்த அதே நேரத்தில் லூபாவின் புருஷன் கையில் பூங்கொத்தோடு பின்வாசலில் நின்றான்.

"எங்கடி கிளம்புற?" என்றேன்.

"இன்னிக்கு பெண்கள் தினம் கென்ஜெ. என்னை வெளியே சாப்பிடக் கூட்டிட்டுப் போறாரு." லூபா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். "சாலட்டெல்லாம் ரெடி. கபாப் காதிர் பாத்துக்குவான். உங்க மாவு பட்டை இருக்கு, அதைச் சும்மா போட்டு எடுத்துடுங்க."

காதிர் வெளியே கரி அடுப்போடு புகையில் நிற்கிறான், மற்ற மேஜைகளின் கபாப் அத்தனையும் அவன் தலையில். எனக்கோ இருபது வருஷமாக ஓட்டலில் வேலை, தண்ணீர்கூடச் சரியாகக் கொதிக்கவைக்கத் தெரியாது. லூபா போயேவிட்டாள்.

கூடத்தில் அதைவிடப் பெரிய கூத்து. டீச்சரக்காவுக்கு அன்று மனம் இளகிவிட்டது. குல்பாரா வழக்கம்போலக் கதவோரத்து நாற்காலிக்குப் போக, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னிக்கு உன் நாள். நீ உயர்ந்த இடத்துல உக்காரு."

"ஐயோ டீச்சரக்கா, நீங்க இருக்கும்போது நானா!"

"சொன்னா கேளு. உள்ள போ."

சுவரோரம் நீள பெஞ்சு. அதன் நட்டநடு இடம்தான் உயர்ந்த இடம். குல்பாராவை உள்ளே நகர்த்தி உட்காரவைத்து, இந்தப் பக்கம் டீச்சரக்காவும் அவர் மகளும், அந்தப் பக்கம் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். மேஜை வயிற்றில் இடித்தது. அப்படிப்பட்ட கௌரவம். எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் முழுக்க எழுந்தால்தான் முடியும். குல்பாரா இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். கைக்கு வேலை இல்லாமல் அவளை நான் பார்த்தது அப்போதுதான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சமையலறைக் கதவிலிருந்து சைகை செய்ய வேண்டியிருந்தது. லூபா இல்லை என்று கையை விரித்தேன். சாறு பொங்குகிறது என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன்.

வெளிச்சம் அணைந்தது. "டீச்சரக்கா, கொஞ்சம் வழி விடுங்க. கை கழுவிட்டு வந்துடுறேன்."

டீச்சரக்கா எழுந்தார், மகள் எழுந்தாள். குல்பாரா ஓடிவந்து அடுப்பைத் தணித்து, உப்புப் பார்த்து, நுரையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டீச்சரக்கா வாழ்த்துப் பேச்சு ஆரம்பித்தார். எங்கள் ஊரில் வாழ்த்துப் பேச்சு நடுவே எழுந்திருப்பது மகா பாவம். "எங்க வீட்டு விளக்கு இந்த குல்பாரா" என்று அவர் கண் கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மறுபடி கதவில் நின்று, சாறு கொதிக்கிறது, பட்டையைப் போட வேண்டும் என்று விரலால் காற்றில் நறுக்கிக் காட்டினேன்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. கொஞ்சம் வழி."

"மறுபடியுமா?"

பேச்சு பாதியில் நிற்க, மறுபடி ஒரு பெஞ்சே எழுந்தது. பட்டைகளைப் போட்டு, கிளறி, ஒட்டாமல் எடுத்து, பட்டுச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டியதை மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஆவியில் முகம் செக்கச் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை. இதோடு முடிந்ததா? வெங்காயச் சாற்றை நான் கிண்டப்போய் அடியில் பிடித்துவிட்டது. வாசனை கூடம்வரை போய்விட்டது. நான் கூப்பிடாமலே அவள் எழுந்தாள்.

இந்தமுறை டீச்சரக்கா எழுந்து நின்றபடியே இருந்தார். "இவ வர்றவரைக்கும் நின்னுட்டே இருக்கலாம், அதான் சுலபம்" என்றார் மகளிடம்.

குல்பாரா திரும்பி வந்து உட்கார்ந்தபோது பெரியவர் அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாக்கை நீட்டு" என்றார்.

"பெரியவரே, எனக்கு ஒண்ணுமில்ல."

"கண்ணு சிவந்திருக்கு. வேர்வை. மூச்சு வாங்குது. நிமிஷத்துக்கொரு தடவை எழுந்து ஓடுறே. கன்னுக்குட்டிக்கு இப்படி வந்தா நான் எதுவும் கேக்கமாட்டேன், வயித்தைத் தொட்டே சொல்லிடுவேன். நாக்கை நீட்டும்மா."

பண்டிகைக் கூட்டத்தில், பட்டுச் சட்டையோடு, உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து குல்பாரா நாக்கை நீட்டினாள். பெரியவர் தலையை ஆட்டினார். சுற்றி எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சர்வர் தட்டுகளைக் கொண்டுவந்தான். ஆவி பறக்கிற பெஷ்பர்மாக். குல்பாராவின் முன்னால் ஒரு தட்டு வைக்கப்பட்டது. அவள் ஒரு கணம் அதைச் சும்மா பார்த்தாள். பிறகு கை நீட்டி ஒரு பிடி எடுத்தாள். வாய்வரை போனது.

"தொடாதே!" என்று டீச்சரக்கா தட்டையே பிடுங்கிவிட்டார். "ருசி பார்த்த அன்னிக்கு என்னவோ ஏமாத்திட்டாங்க. இன்னிக்கு இந்த வாசனையிலயே இவளுக்குக் குடலைப் புரட்டுது பாரு. இது கருகின வாசனை. எழுந்திருங்க எல்லாரும்."

"அக்கா, நல்லாத்தான் இருக்கு..." என்றான் வாய் நிறைய வைத்துக்கொண்டு தொலொகோன்.

"நீ சும்மா இரு. உன் பெண்டாட்டி உடம்பா, உன் வயிறா?"

எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் சும்மா போகவில்லை, பையை எடுத்தார்கள். விருந்து மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாவிட்டால் எங்களுக்குப் பண்டிகை முடிந்த மாதிரியே இருக்காது. எலும்பு, மாமிசம், பட்டை, குல்பாராவின் தட்டில் இருந்தது, அடுப்பில் பாத்திரத்தில் இருந்தது, எல்லாம் பைக்குள் போயிற்று. விஷம் என்கிறீர்கள், பிறகு எதற்கு எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"மாமிசம் எங்களோடது, அதுல தப்பில்ல" என்றார் டீச்சரக்கா. "சமைச்ச கைதான் சரியில்ல."

சமைத்த கை யாருடையது என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். குல்பாரா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? 'இதைத்தானே நாங்க வருஷா வருஷம் சொல்றோம்' என்பார்கள். நெற்றியில் இன்னொரு முத்தம். அடுத்த வருஷம் மறுபடி மாவு.

"வா குல்பாரா" என்றார் டீச்சரக்கா, கோட்டை மாட்டிக்கொண்டே. அவர் குரலில் பாசம்தான் இருந்தது, அதுதான் கொடுமை. "வீட்டுக்குப் போய் சூடா ஒரு சூப் வை. உன் வயித்துக்கும் நல்லது. நாங்களும் ரெண்டு வாய் குடிச்சிட்டுக் கிளம்புறோம்."

"நான் வரலை" என்றாள் குல்பாரா.

கோட்டின் கைக்குள் பாதி கையோடு டீச்சரக்கா நின்றுவிட்டார். "என்னது?"

"எனக்கு உடம்பு முடியலைன்னு நீங்கதானே சொன்னீங்க. உடம்பு முடியாதவ உக்காரணும். நான் உக்காந்திருக்கேன்."

"ஓட்டல்லயா?"

"இங்கதான் உக்காந்திருக்கேன், அதனால இங்கதான்."

டீச்சரக்கா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் சற்று யோசித்தார். மருத்துவர் என்றால் நேர்மை வேண்டும். "அது சரிதான்" என்றார். "சீக்கு வந்த மாட்டை உடனே வண்டியில ஏத்தக்கூடாது. கொஞ்ச நேரம் இருந்து வரட்டும்."

அவர்கள் பைகளோடு போனார்கள். தொலொகோன் மூன்றுமுறை திரும்பிப் பார்த்தபடி கடைசியாகப் போனான். நீள மேஜை முழுக்கக் காலிக் கிண்ணங்கள். நடுவில், உயர்ந்த இடத்தில், குல்பாரா மட்டும். பக்கத்து மேஜைக்காரர்கள் யாரோ பெரிய மனுஷி என்று நினைத்து அவளுக்குத் தலை வணங்கினார்கள். அவளும் வணங்கினாள்.

"என்னடி வேணும் உனக்கு?" என்றேன்.

"நான் சமைக்காதது எதாவது."

சமையலறையில் ஒன்றும் இல்லை. அவள் வீட்டார் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். சாலட் தீர்ந்துவிட்டது. காதிரின் கபாப் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மேஜை காத்திருந்தது. முட்டை இருந்தது. வாணலியை எடுத்தேன். எண்ணெய் புகைந்தபிறகுதான் முட்டையை உடைத்தேன், ஒன்றின் மஞ்சள்கரு உடைந்து ஓடியது, இன்னொன்றில் ஓடு விழுந்தது, பொறுக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். தட்டில் போட்டுச் சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு ஓடி அவள் முன்னால் வைத்தேன்.

குல்பாரா குனிந்து பார்த்தாள். "அடி கருகியிருக்கு."

"தெரியும்."

"உப்பு போட்டியா?"

"ஞாபகமில்ல."

ரொட்டியைக் கிள்ளித் தொட்டு ஒரு வாய் வைத்தாள். மெதுவாக மென்றாள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுவார்களே, கவனமெல்லாம் தட்டிலேயே, அப்படிச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பாதி சாப்பிட்டிருப்பாள், தொலொகோன் தலையில் பனியோடு மறுபடி உள்ளே வந்தான். "அக்கா கேட்டுட்டு வரச்சொன்னாங்க" என்று ஆரம்பித்தான். "சூப் பானை எங்க இருக்குன்னு தெரியல. எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீ வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு..." அப்போதுதான் தட்டு அவன் கண்ணில் பட்டது. "நீ... வயிறு சரியில்லைன்னாங்களே?"

குல்பாரா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்னு போய்ச் சொல்லு."

அவன் நின்றான். அவளைப் பார்த்தான், கருகின முட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு செய்தியை அக்காவிடம் கொண்டுபோனதில்லை. "சாப்பிட்டுட்டு இருக்கேன்னு" என்று மனப்பாடம் செய்கிறவன்போல ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிப் போனான்.

குல்பாரா தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை.

"கென்ஜெ, இன்னொரு முட்டை இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் இன்னொன்றையும் கருக்கிக்கொண்டு வந்தேன்.